அதிகப்பிரசங்கியின் கேள்வி

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரே ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. வருகிறவர்களில் யாரை அதில் உட்கார வைப்பது, யாரைத் திண்ணையோடு பேசி அனுப்புவது என்பதை ஆச்சிதான் தீர்மானிப்பாள். 1994 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேக்கு மரத் திட்டம் ஒன்றுக்குப் பணம் சேர்க்க வந்த முகவருக்கு அந்த நாற்காலியே கிடைத்தது. அப்பாவின் அலுவலக நண்பர் சொல்லி வந்தவர் என்பது ஒரு காரணம். செருப்பை வாசலிலேயே கழற்றி, இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு நுழைந்தார் என்பது ஆச்சியின் கணக்கில் அதைவிடப் பெரிய காரணம்.

அவர் எடுத்த எடுப்பில் மரத்தைப் பற்றிப் பேசவில்லை. காப்பியைப் பாராட்டினார், ஊர் விசாரித்தார், அம்மாவின் பிறந்த ஊரான கல்லிடைக்குறிச்சியில் தமக்கும் ஒரு சொந்தம் இருப்பதைக் கண்டுபிடித்தார். பிறகு வங்கி வட்டி, தங்கத்தின் விலை, பெண் பிள்ளை வைத்திருப்பவர்களின் கவலை என்று ஒவ்வொரு படியாக இறங்கி, தோல் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஆல்பத்தை அவர் வெளியே எடுத்தபோது மணி பத்தரையைத் தாண்டியிருந்தது. ஆல்பத்தில் வரிசை வரிசையாகத் தேக்கங்கன்றுகள், நடுவில் தொப்பி போட்ட ஒருவர், பின்னால் ஒரு மலை.

"அண்ணாச்சி, நீங்க தண்ணி ஊத்த வேண்டாம், காவல் காக்க வேண்டாம். மரம் அது பாட்டுக்கு வளரும், பிள்ளை அது பாட்டுக்கு வளரும். இருபது வருஷம் கழிச்சு பிள்ளைக்குக் கல்யாணம்னு நிக்கும்போது மரத்தை வெட்டினா போதும்" என்றார். எனக்கு அப்போது பத்து வயது. பத்தும் இருபதும் முப்பது என்பதையும், அந்தக் கணக்கின்படி என் கல்யாணம் முப்பதாவது வயதில்தான் என்பதையும், கல்யாண விஷயத்தில் ஒரு வருஷத்தைக்கூட விட்டுக்கொடுக்காத எங்கள் வீட்டில் அன்று யாரும் கவனிக்கவில்லை. அப்படிப்பட்ட பேச்சு அது.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எங்கள் பின்கட்டில் நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த முருங்கை ஒன்று அந்த வருஷம்தான் காரணம் தெரியாமல் காய்ந்துபோயிருந்தது. "மரம் பட்டுப்போச்சுன்னா?" என்று கேட்டேன்.

முகவர் ஒரு நொடி பேச்சை நிறுத்தினார். "சூட்டிகையான பிள்ளை" என்று சிரித்தார். ஆச்சி சிரிக்கவில்லை. "ஏட்டி, பெரியவுக பேசுத எடத்துல என்ன அதிகப்பிரசங்கித்தனம்? உள்ள போ" என்றாள். நான் உள்ளே போனேன். அப்பா ஐந்து மரங்களுக்குக் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சொல் எனக்கு வலித்தது என்று சொல்ல முடியாது. அதற்குள் எனக்கு அது பழகிப்போன சொல்தான். ஆனால் அதில் ஒரு கணக்குப் பிழை இருப்பதாக அன்றிலிருந்தே தோன்றிக்கொண்டிருக்கிறது. அதிகப்பிரசங்கம் என்றால் அளவுக்கு மிஞ்சிய பேச்சு. அன்று காலை ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை ஒரு மனிதர் பேசினார்; நான் பேசியது இரண்டு சொல். அதிகப்பிரசங்கி என்ற பட்டம் எனக்குத்தான் கிடைத்தது.

முதலில் பிரசங்கம் என்ற சொல்லைப் பார்ப்போம். அது வடசொல். 'ஒட்டுதல், பற்றுதல்' என்று பொருள்படும் ஸஞ்ஜ் என்ற வினையடியிலிருந்து 'ஸங்கம்' வருகிறது. 'சத்சங்கம்' என்கிறோமே, அதில் இருப்பதும் இந்தப் பற்றுதான்; மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் கதை வேறு. 'பிர' என்ற முன்னொட்டு சேர்ந்து பிரசங்கம் ஆனபோது, ஒன்றோடொன்று தொடர்பு கொண்டு நிற்பது, அப்படித் தொடர்பால் வந்து சேர்கிற சந்தர்ப்பம், அந்தச் சந்தர்ப்பத்துக்குரிய விஷயம் என்று பொருள் விரிந்தது. இதில் எங்கும் வாய் இல்லை, மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை.

வடக்கே போனால் இன்றும் அப்படித்தான். மராத்தியில் பிரசங்கம் என்றால் ஒரு நிகழ்வு, ஒரு வேளை. சங்கடமான வேளைக்கும் அதே சொல். வங்காளத்தில் எடுத்துக்கொண்ட விஷயம். இந்திச் செய்தித்தாள்கள் காதல் விவகாரத்தைப் 'பிரேம் பிரசங்கம்' என்று எழுதும்போது, காதலைப் பற்றி யாரோ மேடை ஏறிப் பேசியதாக நினைத்துத் தமிழர் திகைக்கக்கூடும். அங்கே அந்தப் பழைய ஒட்டுதல் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். கன்னட நாட்டு யட்சகானத்தில் பிரசங்கம் என்றால் அன்றிரவு ஆடப்போகும் கதை. தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும்தான் அது பேச்சாகக் கெட்டிப்பட்டது. மலையாளப் பள்ளிகளில் பேச்சுப் போட்டிக்கு இன்றைக்கும் பிரசங்கப் போட்டி என்றே பெயர். ஆனால் அதிகப்பிரசங்கி மட்டும், கன்னடம் உட்பட நான்கு மொழிகளிலும் இருக்கிறான். நான்கிலும் அவன் திட்டு வாங்குகிறவன்.

இந்தச் சொல் பேச்சாக மாறுவதற்கு முன் தர்க்கத்தில் ஒரு வாழ்க்கை வாழ்ந்தது. அதை நான் கல்லூரி முடித்துப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டபோது ஆச்சி இல்லை, இருந்திருந்தால் வாதாடியிருப்பேன். இந்தியத் தர்க்கத்தில், எதிரி சொல்வதை உண்மை என்றே வைத்துக்கொண்டு, 'அப்படியானால் இன்னதும் வந்து ஒட்டிக்கொள்ளுமே, அதை நீ ஒப்புக்கொள்வாயா?' என்று அவன் கூற்றிலிருந்தே அவனுக்கு வேண்டாத முடிவை இழுத்துக் காட்டுவதற்குப் பிரசங்கம் என்று பெயர். பௌத்தத்தின் ஒரு பிரிவினரான மாத்யமிகர்கள் இதைத் தங்கள் முதன்மையான கருவியாக வைத்திருந்தார்கள். தாங்கள் எதையும் நிலைநாட்டுவதில்லை, எதிரியின் நிலைப்பாட்டை அதன் கடைசிவரை நடத்திச் சென்று காட்டுவதோடு சரி என்ற இந்த முறையை ஏழாம் நூற்றாண்டில் சந்திரகீர்த்தி வலுவாக எடுத்துச் சொன்னார். அந்த வழியில் வந்தவர்களைத் திபெத்தியப் பௌத்தம் பிராசங்கிகர் என்றே அழைக்கிறது. இன்றுவரை திபெத்திய மடங்களின் முற்றங்களில் கையைத் தட்டித் தட்டிக் கேள்வி கேட்கும் மாணவர்களும் பெரும்பாலும் இந்த மரபில் வந்தவர்களே.

அதற்கு அடுத்த வீட்டில் இருக்கிறது அதிப்பிரசங்கம். ஒரு விதியைச் சொல்கிறோம். அது பொருந்த வேண்டிய இடத்தோடு நிற்காமல் பொருந்தக்கூடாத இடத்துக்கும் நீண்டு போய்விடுகிறது. அந்தக் குற்றத்துக்குத்தான் தர்க்கத்தைப் பேசும் நியாய நூல்களில் அந்தப் பெயர். குடம் உண்டாவதற்கு முன்னால் அங்கே இருந்ததெல்லாம் குடத்துக்குக் காரணம் என்று ஒருவர் சொன்னால், மண் சுமந்து வந்த கழுதையும் காரணமாகிவிடும். கழுதைவரை நீண்ட அந்த நீட்சிதான் அதிப்பிரசங்கம். எல்லை தாண்டுதல் என்று சுருக்கமாகச் சொல்லலாம். பண்டிதர்களின் அதிப்பிரசங்கமும் எங்கள் ஆச்சியின் அதிகப்பிரசங்கமும் ஒரே குடும்பத்து முகஜாடை கொண்டவை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை; இரண்டிலும் குற்றம் எல்லையைத் தாண்டியதே. பேச்சின் நீளம் இரண்டிலும் இல்லை.

இப்படிப் பார்த்தால், 'மரம் அது பாட்டுக்கு வளரும்' என்ற கூற்றை அப்படியே எடுத்துக்கொண்டு, 'அது பாட்டுக்குப் பட்டும் போகுமே' என்று கேட்ட பத்து வயதுப் பெண், தான் அறியாமலே இலக்கண சுத்தமான ஒரு பிரசங்கத்தைச் செய்திருக்கிறாள். ஆச்சி சொன்னதில் பாதி சரி.

தர்க்கத்தின் திண்ணையிலிருந்து இந்தச் சொல் எப்படி மேடைக்கு வந்தது என்பதற்கு எங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும், வழிபாட்டுக்கு வந்த எல்லாரையும் உட்கார வைத்து, ஒரு வேத வசனத்தை எடுத்துக்கொண்டு, அதை நடைமுறை வாழ்க்கையோடு ஒட்டி விளக்கி, கேட்பவர் மனத்தை ஒரு முடிவுக்குத் திருப்புகிற பேச்சுமுறையைத் தமிழில் பழக்கப்படுத்தினார்கள். நம்மிடம் அதற்கு முன்பு பேச்சு இல்லாமல் இல்லை. புராணம் வாசித்துப் பொருள் சொல்வது இருந்தது, உரை சொல்வது இருந்தது, கதை சொல்வது இருந்தது. அவற்றிலெல்லாம் பேசுகிறவருக்கு முன்னால் ஒரு பாட்டு இருக்கும். அவர் பாட்டுக்குப் பணிவிடை செய்கிறவர். பாட்டு முடிந்தால் பேச்சும் முடியும். இந்தப் புதிய முறையில் பேசுகிறவரே நடுநாயகம், கேட்பவரின் மனமாற்றமே இலக்கு. இதற்குத் தமிழ்க் கிறித்தவம் தேர்ந்துகொண்ட பெயர் பிரசங்கம்.

ரேனியஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1826-இல் எழுந்த ஆலயத்தை நாங்கள் இன்றும் ஊசிக்கோபுரம் என்றுதான் சொல்கிறோம். எங்கள் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் ஒலிபெருக்கியில் வரும்; தேர்வுக் காலங்களில் கன்வென்ஷன் கூட்டங்களும் வரும். சைவ வீட்டில் வளர்ந்த எனக்கு மலைப்பிரசங்கத்தின் பெரும்பகுதி மனப்பாடம் ஆனது இப்படித்தான். பக்கத்து வீட்டு உபதேசியார் மகளும் நானும் ஒரே வகுப்பு. நீண்ட பிரசங்கத்தைப் பற்றி அவள் எனக்குச் சொன்ன ஒரு கதை வேதாகமத்திலேயே இருக்கிறது: பவுல் நடு இரவு தாண்டியும் பிரசங்கித்துக்கொண்டிருக்க, ஜன்னலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூக்கம் மீறி மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்துவிடுகிறான். செத்தவன் என்று தூக்கினார்கள். பவுல் இறங்கி வந்து அணைத்துக்கொண்டு, உயிர் இருக்கிறது என்கிறார். இதில் அவளுக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்கு அடுத்தது. பவுல் மறுபடியும் மேலே ஏறிப் போய், அப்பம் பிட்டுப் புசித்துவிட்டு, விடியும்வரை பேசினாராம்.

கிறித்தவத்தின் இந்தக் கருவியைச் சைவம் கையில் எடுத்த நாள் துல்லியமாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் ஆசிரியராக இருந்து, அவருடைய வேதாகம மொழிபெயர்ப்புக்கும் துணை செய்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31 வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தார். தொடர்ந்து வெள்ளிக்கிழமைதோறும் செய்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. நாவலர் என்ற பட்டம் 1849-இல்தான் திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து வந்தது. பாதிரிமார் எந்த வடிவத்தில் மக்களைத் திருப்பினார்களோ அதே வடிவத்தில் அவர் அவர்களைத் திருப்பிக் கூப்பிட்டார். சைவர்கள் இதைச் சொன்னால் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், நான் சொன்னபோது என் சித்தப்பாவும் சுளித்தார். ஆனால் பகைவரின் கருவியை அவரைவிட நன்றாகக் கையாளுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் எண்ணம்.

அறுபது வருஷம் கழித்து, 1908-இல், அதே கருவி எங்கள் மாவட்டத்தில் அரசாங்கத்துக்கு எதிராகத் திரும்பியது. தூத்துக்குடியில் சுப்பிரமணிய சிவாவும் வ.உ.சி.யும் மாலை வேளைகளில் செய்த சுதேசியப் பிரசங்கங்களைக் கேட்டவர்களில் கோரல் மில் தொழிலாளர்களும் இருந்தார்கள்; பிப்ரவரி இறுதியில் மில்லில் வேலைநிறுத்தம். மார்ச் 12-இல் இருவரும் கைது. மறுநாள் திருநெல்வேலி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். சிவா பேசிய பேச்சே ராஜத்துரோகம் என்று தீர்ப்பு வந்தது. பிரசங்கம் என்ற சொல் அதன் உச்சத்தில் இருந்த காலம் அது. அன்றைய தமிழில் யாரும் அதைக் கேலியாகச் சொல்லியிருக்க முடியாது.

பிறகு எப்படி அது வீட்டுத் திட்டாக இறங்கியது? 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிவைத்த தனித்தமிழ் இயக்கமும், அதன்பின் மேடையைத் தன் வீடாக்கிக்கொண்ட திராவிட இயக்கமும் கூட்ட நிகழ்ச்சியின் சொற்களை ஒன்று விடாமல் மாற்றின. அக்கிராசனர் தலைவர் ஆனார், காரியதரிசி செயலாளர் ஆனார், மகாஜனங்கள் பொதுமக்கள் ஆனார்கள், வந்தனோபசாரம் நன்றியுரை ஆயிற்று. பிரசங்கம் சொற்பொழிவு ஆயிற்று. கிறித்தவத்திலும் இதே காற்று அடித்தது. கத்தோலிக்கர்கள் மறையுரை என்கிறார்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் மலைப்பிரசங்கம் மலைப்பொழிவு. 'மாயை, மாயை' என்று தொடங்குகிற பிரசங்கியின் புத்தகம் 'சபை உரையாளர்'. உரையாளர் என்றதும் எனக்கு வானொலி நிலையம்தான் நினைவுக்கு வருகிறது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இப்படி வேலை இழந்த சொற்களில் அக்கிராசனரும் காரியதரிசியும் சுவடில்லாமல் போனார்கள். பிரசங்கம் போகவில்லை. சீர்திருத்த சபைகளில் தன் பழைய வேலையைப் பாதி தக்கவைத்துக்கொண்டது. மீதி வேளையில் வீட்டுக்குள் வந்து, அடுக்களையிலும் அலுவலகத்திலும் வேறு வேலை பார்க்கத் தொடங்கியது. புராணம், வேதாந்தம், வியாக்கியானம், காலட்சேபம் எல்லாம் ஏற்கெனவே அங்கே அதே வேலையில் இருந்தவைதான்: 'சொந்தப் புராணம் பாடாதே', 'செய்யறதையும் செஞ்சிட்டு வியாக்கியானம் வேற', 'வேதாந்தம் பேசாதே, வாடகையைக் கொடு'. உயர்ந்த இடத்தில் பேசப்பட்ட பேச்சின் பெயரையெல்லாம் நாம் இப்படி வீட்டுக்குள் கொண்டுவந்து பாத்திரம் தேய்க்க விட்டிருக்கிறோம். ஆங்கிலக் கல்லூரியின் லெக்சருக்கும் இதே கதிதான்; 'லெக்சர் அடிக்காதே' என்று சொல்கிறவர்களில் பலர் ஒரு லெக்சரையும் கேட்டவர்கள் இல்லை.

ஆனால் இவற்றுக்குள் வேறுபாடு உண்டு. அறுவை, ரம்பம், பிளேடு என்ற சொற்கள் கேட்பவரின் வேதனையைச் சொல்கின்றன. பேசுகிறவருக்கு ஒரு நோக்கம் இருக்க வேண்டும் என்று அவை எதிர்பார்ப்பதில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தம் மூட்டுவலியைப் பற்றித் திண்டுக்கல் வரை பேசினால் அது அறுவை. அதே மனிதர் நம்மையும் தம் வைத்தியரிடம் போகச் சொல்லி விடாமல் பேசினால் அது பிரசங்கம். பிரசங்கத்துக்கு ஒரு இழுப்பு இருக்கிறது. நாம் இருக்கிற இடத்திலிருந்து வேறோர் இடத்துக்கு நம்மை நகர்த்தப் பார்க்கிற இழுப்பு. அந்த வகையில் சொல் தன் மூலத்தை மறக்கவில்லை. ஒட்டுவதும் பற்றுவதும் அதன் வேரிலேயே இருந்தவை. 'கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்க் கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்' என்று வள்ளுவர் சொல்வன்மைக்குச் சொன்ன இலக்கணத்திலும் நடு நாயகமாக இருப்பது பிணித்தல்தான். கேட்டவரைக் கட்டிப்போடுவது அது. அமைச்சரின் தகுதியாக அதை அவர் வைத்தார். தேக்கு முகவர்களும் படித்துவிடுவார்கள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

இனி ஆச்சியின் கணக்கு. பிரசங்கம் என்று சொல்வதற்கும் அதிகப்பிரசங்கி என்று சொல்வதற்கும் இடையில் உள்ள தூரம் வெறும் 'அதிக'த்தின் தூரம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அலுவலகத்துக்குப் போன பிறகுதான் அது தவறு என்று தெரிந்தது. நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் திங்கட்கிழமை காலைக் கூட்டம் ஒன்று நடக்கும். மேலாளர் ஐம்பது நிமிடம் நின்றபடி பேசுவார். உழைப்பு, நேரந்தவறாமை, அவர் சைக்கிளில் வேலைக்குப் போன காலம். வெளியே வந்து காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நாங்கள், 'இன்னைக்குப் பிரசங்கம் கொஞ்சம் நீளம்' என்போம். அவர் முகத்துக்கு நேரே அந்தச் சொல் ஒருநாளும் போனதில்லை. ஒரு வாரம், புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், கூடுதல் நேர வேலைக்குப் பணம் உண்டா என்று கூட்டத்திலேயே கேட்டான். ஒரே கேள்வி. 'வந்து மூணு மாசம் ஆகலை, அதிகப்பிரசங்கித்தனம் பண்றான்' என்று அன்று மாலைக்குள் மூன்று பேர் சொன்னார்கள், அதில் ஒருவர் எங்களோடு காப்பி குடித்தவர்.

பிரசங்கம் என்ற திட்டு கீழிருந்து மேலே போகிறது. முதுகுக்குப் பின்னால், சிரித்துக்கொண்டு. அதிகப்பிரசங்கி மேலிருந்து கீழே வருகிறது, முகத்துக்கு நேராக. சம்பளம் கேட்கிறவன், விலையைக் கேட்கிற மருமகள், பெரியவர் சொன்ன தேதியில் பிழை இருக்கிறது என்று திருத்துகிற மாணவி, கூலி ஆள், குழந்தை இவர்கள்தான் அதிகப்பிரசங்கிகள். ஒரு மணி நேரம் வாழ்த்துரை வழங்குகிற சம்பந்தியை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. நான் கேட்டவரை அந்தச் சொல் ஆண்களைவிடப் பெண்கள்மீதும், பெரியவர்களைவிடக் குழந்தைகள்மீதும் விழுவதே அதிகம். ஆக, அது பேச்சின் நீளத்தை அளக்கிற கோல் இல்லை. பேசுகிறவர் உட்கார்ந்திருக்கும் இடத்தை அளக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினாலும் அதிகமில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு சொல் பேசினாலும் அதிகம்தான். தர்க்க நூல்காரர்கள் கழுதைவரை நீண்ட விதியைச் சொன்னார்களே, அதே எல்லைமீறல். இங்கே எல்லை முன்னறைக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவில் இருக்கிற வாசற்படி.

ஆச்சியைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவளும் வாழ்நாள் முழுதும் அந்த வாசற்படியின் இந்தப் பக்கம் நின்று பேசியவள்தான். தாத்தா இருந்த காலத்தில் அவளுக்கும் அந்தச் சொல் விழுந்திருக்கும்.

தேக்குத் திட்டம் என்ன ஆயிற்று என்பதைத் தமிழ்நாட்டில் அந்தப் பத்தாண்டுகளில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை ஊரிலும் அத்தகைய நிறுவனங்கள் முளைத்திருந்தன. 1999-இல் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி இவற்றுக்கென்று விதிமுறைகளைக் கொண்டுவந்தபோது எங்கள் தேக்கு நிறுவனத்துக்கு அனுப்பிய கடிதங்கள் முகவரியில் ஆள் இல்லை என்று ஏற்கெனவே திரும்பி வரத் தொடங்கியிருந்தன. அதற்குப் பிறகுதான் ஆச்சி அந்த முகவருக்கு ஒரு பெயர் வைத்தாள். 'அந்தத் தேக்குப் பிரசங்கி' என்பாள். நாற்காலியை விட்டு அவரை இறக்க அவளுக்கு ஐந்து வருஷம் ஆனது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பீரோவில் பழைய ரேஷன் அட்டைகளோடு இருந்தது. நான்கு ஓரமும் பச்சை இலைக் கொடி, நடுவில் அப்பாவின் பெயர், ஐந்து மரங்களுக்கும் தனித்தனி எண். அப்பா அதைக் கையில் வாங்கியதும் பேச ஆரம்பித்தார். திட்டத்தில் தவறு இல்லை, இடம்தான் தவறு, செங்கோட்டைப் பக்கம் நட்டிருந்தால் இந்நேரம் என்று தொடங்கி, தேக்குக்கு வேண்டிய மழை, மண், இடைவெளி என்று போய்க்கொண்டே இருந்தார். ஓய்வு பெற்றபின் இதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறார் என்று தெரிந்தது. "ஆரம்பிச்சாச்சா பிரசங்கம்? சாப்பாடு ஆறுது" என்று அம்மா உள்ளே இருந்து சொன்னாள்.

நான் பத்திரத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெளிறிய நீல மையில், கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத எழுத்தில் பதினான்கு நிபந்தனைகள் அச்சாகியிருந்தன. ஒன்பதாவது இது: 'மழையின்மை, பூச்சி, நோய், தீ முதலிய இயற்கைக் காரணங்களால் மரங்கள் பட்டுப்போனால் நிறுவனம் பொறுப்பாகாது.' அதை வாய்விட்டு வாசித்தேன். அப்பா செங்கோட்டையில் பெய்கிற சாரலோடு நின்றுவிட்டார். பத்திரத்தை என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படித்தார்.

"இது அப்பமே இருந்துச்சா?" என்று கேட்டார்.